சார்ஜர் போட்டால் கர்சர் துள்ளுது, சும்மா விட்டால் திரை மினுக்குது: உபுண்டு 24.04

(இந்த இழையில் கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும். புள்ளி, அடிக்கோடு, சமக்குறி எல்லாம் அப்படியே.)

#1 கோட்டையூரான்

14 அங்குல லேப்டாப். இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ5, ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ், 8 ஜிபி ராம். தனி கார்டு கிடையாது. உபுண்டு 24.04, கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 6.8, க்னோம் டெஸ்க்டாப், திரையை நடத்துவது வேலண்ட்.

தொந்தரவு இதுதான். சில வினாடி தொடாமல் விட்டுவிட்டு அசைத்தால் கர்சர் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நின்று, அப்புறம் தாவுகிறது. திரையின் அடிப்பகுதியில் மெல்லிய கிடைக்கோடுகள் மினுக்குகின்றன. சார்ஜர் செருகியிருந்தால் டச்பேடில் கர்சர் துள்ளுகிறது, விரல் வைக்காமலே நகர்வதும் உண்டு. மூடித் திறந்தால் சில தடவை அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரப் பொட்டு. குரோமில் கறுப்புக் கட்டங்கள் வேறு.

கர்னல் வரியில் நோமோட்செட் போடச் சொல்லி ஒரு வீடியோவில் இருந்தது, போட்டேன். கோடு நின்றது. ஆனால் எல்லாமே மந்தம், பிரைட்னஸ் பட்டனும் வேலை செய்யவில்லை. உபுண்டுவைத் திரும்பப் போடணுமா, திரையை மாத்தணுமா?

#2 பள்ளத்தூர்_பெங்குவின்

தம்பி, ரெண்டும் வேண்டாம். முதலில் நோமோட்செட்டை எடுங்கள். அது போட்டால் இன்டெல் கிராபிக்ஸின் ஐ915 டிரைவரே ஏறாது. ஃபர்ம்வேர் விட்டுப்போன ஃபிரேம்பஃபரில் (திரைப் படத்தை வைக்கும் நினைவகம்) திரை ஓடும், படம் வரைகிற வேலை முழுக்க பிராசசர் தலையில் விழும். கோடு நின்றது உண்மைதான், வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்தாலும் சத்தம் நிற்கும். இன்ஸ்டால் செய்யும்போது திரையே வராத மெஷினுக்கு ஒரு தடவை பயன்படுத்துகிற வழி அது.

எடுத்துவிட்டு ரீபூட் செய்து, மெசா-யுடில்ஸ் பேக்கேஜ் போட்டு, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி அடியுங்கள் (பெரிய எழுத்து பி, ‘பேட்டரி’யின் முதல் எழுத்து). ரெண்டரர் வரியில் இன்டெல் என்று வர வேண்டும். எல்எல்விஎம்பைப் என்று வந்தால் இன்னும் சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே பேசிப் பயனில்லை.

அப்புறம், நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை. குறைந்தது மூன்று. சேர்த்து வைத்துத் தேடினால் ஒன்றுக்கும் விடை கிடைக்காது.

#3 கண்டாங்கி_கர்னல்

பெங்குவின் சொல்வது சரி. எது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பிரிக்க செலவில்லாத சோதனை ஒன்று இருக்கு: கோளாறு கண்ணில் தெரியும்போதே ஒரு ஸ்க்ரீன்ஷாட், கூடவே போனில் திரையைப் போட்டோ.

ஸ்க்ரீன்ஷாட்டிலும் கோளாறு பதிவானால், படம் வரையப்படும்போதே கெட்டிருக்கு. மெசா (படம் வரைகிற கிராபிக்ஸ் சாஃப்ட்வேர்), அந்த ஆப், கிராபிக்ஸ் சிப், ராம் இவற்றில் ஒன்று. போன் போட்டோவில் மட்டும் இருந்து ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாக இருந்தால், படம் நன்றாகத்தான் வரையப்பட்டிருக்கு. அதைத் திரைக்கு அனுப்புகிற வழியில் கோளாறு. டிஸ்ப்ளே எஞ்சின், கேபிள், பேனல்.

கர்சருக்கு ஒரு விசேஷம். மற்ற படத்தோடு சேர்த்து அதை வரைவதில்லை. டிஸ்ப்ளே எஞ்சினில் கர்சருக்கென்றே தனித் தளம் இருக்கு. சின்ன படத்துண்டு ஒன்றை அதில் வைத்து, இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்கள். முழுத் திரையைத் திரும்ப வரையாமல் மவுஸ் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். ஸ்க்ரீன்ஷாட்டில் பாயின்டரைக் காட்டு என்ற பட்டனை அழுத்தி எடுத்தால், க்னோம் தன்னிடம் உள்ள கர்சர் படத்தைத் தனியாக ஒட்டிக் கொடுக்கும். திரையில் சதுரப் பொட்டும் ஸ்க்ரீன்ஷாட்டில் நல்ல அம்பும் இருந்தால், குற்றவாளி அந்தத் தனித் தளம்.

ஒரு பொறியும் உண்டு. பிரின்ட் ஸ்க்ரீன் அழுத்தியதுமே மினுக்கல் மறைந்துவிட்டால் சோதனை தோற்றது என்று நினைக்காதீர்கள். திரை முழுக்கப் புதிதாக வரையப்பட்டதும் மறைகிற கோளாறு அது. அதுவே பெரிய துப்பு.

#4 செக்காலை_சால்டர்

சாஃப்ட்வேர் ஆளுங்க பேசட்டும். நான் கேக்கறது மூணே. சார்ஜர் பிளக் ரெண்டு முள்ளா மூணு முள்ளா? செருகுற சாக்கெட் பழைய வயரிங்கா? சார்ஜர் போட்டிருக்கப்போ மெஷினோட உலோகப் பக்கத்தை வெறுங்காலோட நின்னு புறங்கையால தடவினா குறுகுறுன்னு இருக்கா?

#5 கோட்டையூரான்

நோமோட்செட் எடுத்தாச்சு. ரெண்டரர் இன்டெல் என்று காட்டுகிறது.

கண்டாங்கி ஆச்சி, நீங்கள் சொன்ன சோதனையின் முடிவு: அடியில் மினுக்குகிற கோடுகள் போன் போட்டோவில் உண்டு, ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லை. பட்டனை அழுத்தியதும் மறைந்தும் போகிறது. குரோமின் கறுப்புக் கட்டங்கள் இரண்டிலும் உண்டு. சதுரப் பொட்டு இன்னும் வரவில்லை.

சால்டர் அண்ணே, சார்ஜர் மூணு முள்தான். ஆனால் வீட்டின் இரண்டாங்கட்டில் இருப்பது மரப்பட்டியில் ஓடுகிற பழைய வயர், ரெண்டு ஓட்டை சாக்கெட். மாற்றுமுள் அடாப்டர் வைத்துச் செருகியிருக்கிறது. குறுகுறு இருக்கிறது.

#6 செக்காலை_சால்டர்

அப்போ துள்ளலுக்கு விடை கிடைச்சாச்சு. லினக்ஸைத் திட்டாதீங்க.

சார்ஜருக்குள்ள ஒய் கெபாசிட்டர்னு ஒண்ணு உண்டு. இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடறதுதான் அதுக்கு வேலை. எர்த் முள் எங்கேயும் போய்ச் சேராட்டி இரைச்சல் சார்ஜர் வழியா மெஷினோட உடம்புக்கே வந்துடும். உலோகத்துல 230 வோல்ட்ல பாதி அளவு மிதக்கும். கரன்ட் ரொம்பக் குறைவு, அதனால ஆளை அடிக்காது, குறுகுறுன்னு மட்டும் இருக்கும். டச்பேட் வேலை செய்யறதே விரலுக்கும் தகட்டுக்கும் நடுவுல உள்ள கெபாசிட்டன்ஸை அளந்துதான். மெஷின் மிதந்துக்கிட்டு இருக்கப்போ நீங்க தரையில நின்னா, அந்த இரைச்சலையும் விரல்னு எண்ணிக்கும்.

உறுதி செய்ய: டச்பேடு, மவுஸ் அசைவைப் படிக்கிறது லிப்இன்புட். அதோட லிப்இன்புட்-டூல்ஸ் பேக்கேஜ் போட்டு, சூடோ லிப்இன்புட் டிபக்-ஈவன்ட்ஸ் ஓடவிடுங்க. டச்பேடுல கை வைக்காம ஒரு நிமிஷம் பாருங்க. சார்ஜர் இருக்கப்போ பாயின்டர்_மோஷன் வரிகள் தானா கொட்டி, சார்ஜரை உருவினதும் நின்னா வேற ஆராய்ச்சியே வேண்டாம்.

எர்த் உள்ள சாக்கெட்டுக்கு மாத்துங்க. பழைய வீட்டுலயும் மோட்டாருக்கோ ஏசிக்கோ இழுத்த 15 ஆம்பியர் பாயின்ட்ல எர்த் இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் எலெக்ட்ரீஷியனை வெச்சு மீட்டர்ல பாருங்க: ஃபேஸ்-நியூட்ரல் 230 காட்டினா ஃபேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே காட்டணும். நியூட்ரல்-எர்த் சில வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ஃபேஸ்-எர்த் 60, 90னு அலைஞ்சா எர்த் வயர் எங்கேயோ அந்தரத்துல நிக்குது. நம்ம பக்கம் செம்மண் வறண்டா எர்த் குழியும் செத்துப்போகும். உப்பு, கரி போட்ட பழைய குழின்னா கோடையில தண்ணி ஊத்தணும்.

எர்த்தையும் நியூட்ரலையும் ஒண்ணா முடிஞ்சு கொடுக்கிற ஆளு வந்தா வாசலோட அனுப்பிடுங்க. நியூட்ரல் எங்கேயாவது அறுந்தா மெஷினோட உடம்பே ஃபேஸ் ஆயிடும்.

#7 பள்ளத்தூர்_பெங்குவின்

இப்போது கர்சர் ஒட்டுவதும் அடிக்கோடுகளும். ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லை, புதிதாக வரைந்ததும் மறைகிறது, சும்மா விட்டால்தான் வருகிறது. மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் பிஎஸ்ஆர். அதாவது பேனல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி.

திரையில் ஒன்றும் மாறாதபோது ஒவ்வொரு வினாடியும் 60 தடவை அதே படத்தை அனுப்புவது வீண் செலவு. அதனால் பேனலுக்குள் உள்ள சின்ன நினைவகத்தில் கடைசிப் படத்தை வைத்துவிட்டு, கிராபிக்ஸ் பக்கம் தூங்கப் போய்விடும். நீங்கள் மவுஸை அசைத்ததும் எழுந்து வர வேண்டும். சில பேனல்களோடு இந்த எழுப்பும் பேச்சுவார்த்தை தடுமாறும். அந்தத் தாமதம்தான் கர்சர் ஒட்டிக்கொண்டு தாவுவது. இரண்டாம் வகை பிஎஸ்ஆரில் மாறிய வரிசைகளை மட்டும் அனுப்புவார்கள். அந்தக் கணக்குத் தப்பினால் கிடைக்கோடு.

கர்னலைத் தொடுவதற்கு முன் இரண்டு சோதனை. திரையின் மூலையில் சின்னதாக ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். படம் மாறிக்கொண்டே இருந்தால் பிஎஸ்ஆர் தூங்கவே போகாது. அப்போது ஒட்டல் இல்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டாவது, எச்டிஎம்ஐ வழியாக வெளி மானிட்டர். அதில் பிஎஸ்ஆர் கிடையாது. அங்கேயும் கோடு வந்தால் நான் சொன்னது தப்பு.

இரண்டும் ஒத்துவந்தால் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். பூட் ஆகும்போது எஸ்கேப்பை ஒரு தடவை தட்டினால் க்ரப் மெனு, அதாவது எதை பூட் செய்வது என்று கேட்கும் பட்டியல், வரும் (பதற்றத்தில் ரெண்டு மூணு தடவை தட்டினால் மெனுவுக்குப் பதில் க்ரப் கமாண்ட் வரி வந்து நிற்கும்). உபுண்டு வரியில் நின்று இ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு:

ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=1

கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் பூட் ஆகும். 1 என்றால் முதல் வகை வரை மட்டும், 0 என்றால் முற்றிலும் நிறுத்தம். எல்லோரும் நேராக 0 போடச் சொல்வார்கள். 1லேயே சரியானால் பேட்டரி மிச்சத்தில் கொஞ்சமாவது கையில் நிற்கும், ஆகையால் அதிலிருந்து தொடங்குங்கள்.

நிலைமையைப் பார்க்க: சூடோ கேட் /சிஸ்/கர்னல்/டிபக்/டிஆர்ஐ/0/ஐ915_இடிபி_பிஎஸ்ஆர்_ஸ்டேட்டஸ். 0 என்ற அடைவில் இல்லாவிட்டால் 1இல் பாருங்கள்.

#8 புதுவயல்_ரைசன்

இடையில் வருகிறேன், மன்னிக்கணும். ஏஎம்டி ரைசன் லேப்டாப்பில் இதே மாதிரி ஒட்டல் இருந்தால் ஐ915 வரி உதவாது இல்லையா?

#9 பள்ளத்தூர்_பெங்குவின்

உதவாது. அது இன்டெல் டிரைவரின் பெயர். உங்களுக்கு ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0எக்ஸ்10. அது அங்கே பிஎஸ்ஆரை நிறுத்தும். திரை முழுக்க வெள்ளையாக மின்னி மறைவது வேறு நோய்; அதற்கு ஏஎம்டிஜிபியு.எஸ்ஜி_டிஸ்ப்ளே=0. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், எது குணமாக்கியது என்றே தெரியாமல் போகும்.

#10 கண்டாங்கி_கர்னல்

குரோம் கட்டங்கள் ஸ்க்ரீன்ஷாட்டிலும் விழுவதால் அது தனிக் கதை. வேறு எந்த ஆப்பிலும் இல்லை என்றால் பெரும்பாலும் பழைய ஷேடர் (படம் வரையும் சின்ன நிரல்) சேமிப்பு. மெசா அப்டேட் ஆன பிறகும் முன்பு தொகுத்து வைத்ததையே குரோம் எடுத்துப் போடும், கட்டம் கட்டமாக உடையும். குரோமை முழுசாக மூடிவிட்டு, ஹோம் அடைவில் .கான்ஃபிக்/கூகிள்-குரோம் உள்ளே டிஃபால்ட்/ஜிபியுகேஷ், டிஃபால்ட்டுக்கு வெளியில் ஷேடர்கேஷ், ஜிஆர்ஷேடர்கேஷ் மூன்றையும் அழியுங்கள். புக்மார்க், பாஸ்வேர்டு எதுவும் போகாது, தானே திரும்ப உருவாக்கிக்கொள்ளும். டிஃபால்ட் அடைவையே அழித்துவிடாதீர்கள், அதில்தான் எல்லாம் இருக்கு.

அதற்குப் பிறகும் வந்தால், டெர்மினலில் குரோமை --டிஸேபிள்-ஜிபியு சேர்த்துத் திறங்கள். அதில் சுத்தமாக ஓடினால் கிராபிக்ஸ் டிரைவர் பக்கம் போகணும். எல்லா ஆப்பிலும் வண்ணக் கட்டங்கள் சிதறினால் மட்டும் ராம். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, அதே 8 ஜிபியில்தான் பங்கு. அப்போது மெம்டெஸ்ட்86+ ஆறாம் பதிப்போ அதற்கு மேலோ யுஎஸ்பியில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம்.

#11 கோட்டையூரான்

வரிசையாகச் சொல்கிறேன்.

எர்த்: ஏசி பாயின்ட்டில் செருகிப் பார்த்தேன். டிபக்-ஈவன்ட்ஸில் தானாக வந்த வரிகள் ஒன்றுகூட இல்லை. குறுகுறுவும் இல்லை. பழைய சாக்கெட்டில் மீட்டர் வைக்க அங்கே எர்த்தே இல்லை.

வீடியோ ஓடும்போது ஒட்டல் இல்லை. வெளி மானிட்டரில் கோடு இல்லை. பிஎஸ்ஆர்=1 போட்டதும் கோடுகள் போய்விட்டன, ஒட்டல் மட்டும் குறைந்த அளவில் இருந்தது. 0 போட்டேன், அதுவும் நின்றது.

குரோம் சரி.

ஆனால் யுஎஸ்பி மவுஸிலும் ஒரு துள்ளல் இருக்கிறது. ஏசி பாயின்ட்டிலும் வருகிறது, பேட்டரியிலும் வருகிறது.

#12 செக்காலை_சால்டர்

மவுஸை எது மேல வெச்சு ஓட்டறீங்க?

#13 கோட்டையூரான்

வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து, தரையில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.

#14 செக்காலை_சால்டர்

அதேதான்! ஆப்டிகல் மவுஸ் அடியில சின்ன கேமரா இருக்கு. தரையோட சொரசொரப்பைப் படம் பிடிச்சு, முந்தின படத்தோட ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்துச்சுன்னு கணக்குப் போடும். ஆத்தங்குடிக் கல்லை வார்க்கறதே கண்ணாடி மேல. அதுக்கு மேல தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்ச தரைன்னா கேமராவுக்கு ஒப்பிட ஒரு புள்ளிகூடக் கிடைக்காது, விளக்கு வெளிச்சம் திரும்பி அடிக்கறதுதான் தெரியும். பூ டிசைன் ஓரத்துல ஓடறப்போ சரியா இருக்கும், ஒரே நிறமா இருக்கிற நடுவுல துள்ளும், கவனிச்சுப் பாருங்க. அடியில ஒரு தினத்தாளை மடிச்சுப் போடுங்க. தீர்ந்துச்சு.

#15 கோட்டையூரான்

தினத்தாள் போட்டதும் நின்றுவிட்டது அண்ணே. பூ ஓரத்திலும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது.

#16 பள்ளத்தூர்_பெங்குவின்

அப்படியானால் பிஎஸ்ஆர் 0ஐ நிரந்தரமாக்குங்கள். /இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் வரியில், கொயட் ஸ்ப்ளாஷுக்குப் பக்கத்தில், மேற்கோளுக்குள்ளேயே சேருங்கள். மேற்கோளை மூட மறப்பதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். சேமித்துவிட்டு சூடோ அப்டேட்-க்ரப். ரீபூட் ஆனதும் கேட் /ப்ராக்/சிஎம்டிலைன் அடித்து வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நேரம் இருந்தால் லினக்ஸ்-ஜெனெரிக்-எச்டபிள்யூஇ-24.04 பேக்கேஜ் போட்டு, புதிய கர்னலில் அந்த வரி இல்லாமல் ஒரு தடவை பூட் செய்து பாருங்கள். இந்தக் கோளாறுகளுக்குக் கர்னலில் திருத்தம் வந்துகொண்டேதான் இருக்கிறது. பழைய கர்னலை அழிக்க வேண்டாம், க்ரப்பில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் கீழே இருக்கட்டும்.

ஜர்னல்சிடிஎல் -கே -பி (இரண்டும் சின்ன எழுத்து, அதே ‘பேட்டரி’ பி) பார்க்கும்போது ஃபிஃபோ அண்டர்ரன் (திரைக்கான படத் தரவு நேரத்துக்கு வந்து சேராதது) என்று ஒரு வரி கண்ணில் பட்டால் கலங்காதீர்கள். பூட்டின்போது ஒரு தடவை வந்து போவது பெரும்பாலும் தீங்கில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது, மினுக்குகிற அதே நேரத்தில் வந்தால் மட்டும் இங்கே ஒட்டுங்கள்.

#17 கோட்டையூரான்

நிரந்தரமாக்கியாச்சு. இன்று மூடித் திறந்தபோது சதுரப் பொட்டு வந்தது. ஸ்க்ரீன்ஷாட்டில் அம்பு நன்றாக இருக்கிறது.

#18 கண்டாங்கி_கர்னல்

தனித் தளம்தான், சந்தேகமில்லை. தூங்கி எழும்போது அதில் இருந்த படத்துண்டு சரியாகத் திரும்ப ஏறவில்லை.

உடனடிக்கு: கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், கன்ட்ரோல் ஆல்ட் எஃப்2 அழுத்தித் திரும்புங்கள். கர்சர் புதிதாக ஏறும், திறந்திருக்கிற வேலை எதுவும் மூடாது.

அடிக்கடி வந்தால் /இடிசி/என்விரான்மென்ட் கோப்பில் மட்டர்_டிபக்_டிஸேபிள்_எச்டபிள்யூ_கர்சர்ஸ்=1 என்று ஒரு வரி, எல்லாம் பெரிய எழுத்தில். லாக்அவுட் செய்து வாருங்கள். கர்சரும் மற்ற படத்தோடு சேர்த்தே வரையப்படும். இது க்னோமுக்கு மட்டும். கேடிஇ என்றால் கேவின்_ஃபோர்ஸ்_எஸ்டபிள்யூ_கர்சர்=1. லினக்ஸ் மின்ட் சின்னமன் மாதிரி வேலண்டுக்குப் பதில் பழைய எக்ஸ்11இல் ஓடுவதற்கு இரண்டுமே செல்லாது. எக்ஸ்ஆர்க் கட்டமைப்பில் மோட்செட்டிங் டிரைவருக்கு எஸ்டபிள்யூகர்சர் ட்ரூ கொடுக்கணும்.

வாரத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது என்றால் அந்த வரியைப் போட மாட்டேன். மவுஸ் அசைகிற ஒவ்வொரு அசைவுக்கும் திரை திரும்ப வரையப்படும், இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். எஃப்3, எஃப்2 போதும்.

#19 கோட்டையூரான்

எஃப்3, எஃப்2 வேலை செய்தது ஆச்சி, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: டச்பேடின் இடப்பக்கக் க்ளிக் கல் மாதிரி இருக்கிறது, அழுத்தினால் இறங்கவில்லை. சில நேரம் தானாகவே க்ளிக் ஆகிறது. லிப்இன்புட்டில் அதற்கு செட்டிங் இருக்கிறதா?

#20 செக்காலை_சால்டர்

செட்டிங் இல்லை தம்பி. இப்பவே மெஷினை அணைச்சு சார்ஜரை உருவுங்க. சமமான மேஜையில வெச்சுப் பாருங்க, நாலு காலும் ஒட்டுதா, ஆடுதா? ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி டச்பேடுக்குக் குறுக்கே வையுங்க. நடுவுல தூக்கிக்கிட்டு ரெண்டு ஓரமும் வெளிச்சம் தெரிஞ்சா அடியில பேட்டரி உப்பியிருக்கு.

#21 கோட்டையூரான்

ஆடுகிறது. ஸ்கேலின் ரெண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிகிறது.

#22 செக்காலை_சால்டர்

இனிமே சார்ஜ் போடாதீங்க. கீழ்மூடியைக் கழற்றி, போர்டுல இருந்து பேட்டரி கனெக்டரை முதல்ல பிரிங்க. அப்புறம் திருகுகளை எடுத்து பேட்டரியைத் தூக்குங்க. பசை போட்டு ஒட்டியிருந்தா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பக்கூடாது, குத்துப்பட்டா தீப்பிடிக்கும். கை வராட்டி அப்படியே கடைக்குத் தூக்கிட்டு வாங்க. உப்பினதை அமுக்கிப் பழையபடி ஆக்கறேன்னு உட்காராதீங்க. குப்பையில போடாம, மின்கழிவு எடுக்கிற இடத்துல கொடுங்க. அதுவரைக்கும் பத்திக்கிற சாமான் பக்கத்துல இல்லாம, முற்றத்து ஓரம் வெயில் படாத இடத்துல ஒரு மண்சட்டியில வெச்சிருங்க.

புதுசு வாங்கறப்போ லேப்டாப் மாடல் பேரைச் சொல்லி வாங்காதீங்க. பழைய பேட்டரி லேபிள்ல உள்ள பார்ட் நம்பரையும் வோல்ட்டையும் போட்டோ எடுத்துக் காட்டுங்க. ஒரே மாடல்லயே 11.4 வோல்ட், 15.2 வோல்ட்னு ரெண்டு வகை வரும், ஒண்ணுக்கு ஒண்ணு சேராது. அதுவரைக்கும் பெரும்பாலான மெஷினை பேட்டரி இல்லாம சார்ஜர்லயே ஓட்டலாம், ஆனா பல மெஷின் பேட்டரி இல்லாட்டி பிராசசர் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். மந்தமா இருக்குன்னு மறுபடி நோமோட்செட் கதையைத் தொடங்கிடாதீங்க.